எங்கிட்டோ இடிக்குது

2017ஆம் ஆண்டு ஜூன் 5, திங்கட்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். மூட்டமான வானம், காற்றே இல்லை. முந்தின இரவு பெய்த தூறல் என் மொட்டை மாடி மழைமானியில் மூன்று மில்லிமீட்டர் காட்டியது. அரிமளத்தில் இருக்கும் என் வீட்டு மாடிப் போர்ஷனில் புதிதாகக் குடிவரும் கணவனும் மனைவியும் பால் காய்ச்ச வந்த நேரம் அது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். அடுப்பில் பாத்திரம் ஏறிவிட்டது, அவர் மனைவி தீப்பெட்டியோடு நிற்கிறார். அவர் மட்டும் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு பஞ்சாங்கங்களை விரித்துப் பிடித்திருந்தார். ஒன்று அவர் வீட்டில் பார்க்கும் வாக்கியப் பஞ்சாங்கம். மற்றது மனைவி வீட்டில் பார்க்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம்.

"நட்சத்திரம் இதுல ஆறு அம்பதுக்கே முடிஞ்சிருச்சு. இதுல ஏழு இருவத்தஞ்சு வரைக்கும் இருக்கு. நிலா ஒன்னுதானே? அதுக்கு எப்படி ரெண்டு நேரம்? எங்கிட்டோ இடிக்குது."

"அடுப்பும் ஒன்னுதான். அங்கிட்டு நவுருங்க, நான் பத்த வைக்கணும்."

"இல்ல, எதை வச்சு…"

"பால் திரிஞ்சுச்சுன்னா அதை வச்சும் ஒரு பஞ்சாங்கம் எழுதலாம். நவுருங்க."

பால் பொங்கியபோது மணி ஏழு இருபத்தெட்டு. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எனக்குத்தான் வியர்த்துப் போயிற்று. புதுக் குடித்தனம் ராகு காலத்தில் பால் காய்ச்சினால் வீட்டுக்காரனுக்கு என்ன ஆகும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்க மாட்டான்.

அவர் நாள் கிழமை பார்க்கிறவர் அல்ல. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ராகு காலத்தில் வண்டி எடுப்பார், அமாவாசையன்று முடி வெட்டிக்கொள்வார். ஒரே பொருளுக்கு இரண்டு விடை வந்தால் மட்டும் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. வலது காது மடலைக் கிள்ளிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். அந்த மடல் இடது காது மடலைவிடச் சற்று நீளமாக இருந்ததாகவே எனக்குத் தோன்றும்.

திருமயம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவர் இயற்பியல் விரிவுரையாளர். வயது முப்பத்து நான்கு. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். எட்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். 2023 டிசம்பரோடு பதிவு காலாவதி ஆகிவிடும். பட்டம் வாங்கினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் இல்லை என்று சேரும்போதே நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். இதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. வாடகை பேச வந்த அன்று அவர் மனைவி சொன்னார், "இன்னும் ஆறரை வருசம் இருக்குய்யா, அதுக்குள்ள முடிச்சிருவாரு" என்று. அந்தம்மா பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் தொகுப்பூதிய ஆசிரியை. சொந்த ஊர் கறம்பக்குடி.

அவர் ஆராய்ச்சி என்னவென்று எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. தலைமுடியை ஆயிரம் கூறாக வகிர்ந்தால் வருகிற அகலத்தில் வெள்ளிக் கம்பிகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். அதன்மேல் ஒளி பட்டால் எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெள்ளியே விழுங்கும் என்பதுதான் கேள்வி. அப்படி ஒன்றைச் செய்து பார்க்கக் கோடிக் கணக்கில் செலவாகும். ஆகவே கணினிக்குள்ளேயே செய்து பார்க்கிறார்கள்.

அதற்கு இரண்டு வழி. முதல் வழியில் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நேரத்தையும் துளித்துளியாக நகர்த்தி, ஒளி கட்டம் கட்டமாக நடந்து போவதைப் பார்ப்பது. அதைக் கட்ட முறை என்பார். இரண்டாவது வழியில் கம்பிகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால், மொத்தத்தையும் பல அலைகளின் கூட்டலாக எழுதித் தீர்ப்பது. அது அலை முறை. இரண்டுக்கும் அடிப்படை ஒளிக்கான அதே நான்கு சமன்பாடுகள். கண்ணாடிக் கம்பி என்றால் இரண்டு முறையும் நான்காவது தசமம் வரை ஒரே விடை தந்தன. வெள்ளி என்றால் கட்ட முறை நூற்றில் நாற்பத்தொன்று திரும்பி வருகிறது என்றது, அலை முறை நாற்பத்தாறு என்றது.

"நாப்பத்து மூன்றரைன்னு போட்டுருங்க தம்பி" என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டு புள்ளியியல் துறையில் இருந்தவன் நான். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அறுத்து, நிறுத்து, விளைச்சல் இவ்வளவு என்று எழுதுவோம். கிராமக் கணக்கில் வேறொன்று இருக்கும். மாவட்ட அலுவலகத்திலிருந்து "டேலி பண்ணி அனுப்புங்க" என்று போன் வரும். டேலி பண்ணி அனுப்புவோம். நாடு அதை வைத்துத்தான் சாப்பிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "விளைச்சல்னா நடுவுல ஒன்னு இருக்கலாம் சார். இதுல அப்படி இருக்க முடியாது. ஒன்னு தப்பா இருக்கணும், இல்ல ரெண்டும் தப்பா இருக்கணும்" என்றார்.

கணினி இரவும் பகலும் ஓடியது. மீட்டர் பெட்டி சூடாகிறதா என்று நான் தினமும் தொட்டுப் பார்ப்பேன். என் மாடியில் ஒரு மின்விசிறி வீணாக ஓடினாலே எனக்குத் தூக்கம் வராது. அவரோ கட்டங்களைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி ஓட்டுவார். ஒரு கணக்கு முடியப் பத்து நாள் ஆகும். முடிந்ததும் இறங்கி வந்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"கட்டத்தைச் சின்னதாக்கினா வித்தியாசம் கொறையணும் சார். கூடுது. எங்கிட்டோ இடிக்குது."

ஒருமுறை அலை முறையில் நூறு பங்கு ஒளி போட்டு நூற்று முப்பது பங்கு திரும்பி வந்துவிட்டது. ஒரு கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டாராம். காலத்தை எந்தக் குறியோடு எழுதுவது என்பதில் இந்தத் துறையிலேயே இரண்டு வழக்கம் உண்டு. இயற்பியல் படித்தவர்கள் ஒரு பக்கம், மின் பொறியியல் படித்தவர்கள் இன்னொரு பக்கம். வெள்ளியின் பண்புகளை ஒரு பக்கத்திலிருந்தும் கணினி நிரலை இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டால், ஒளியை விழுங்க வேண்டிய வெள்ளி ஒளியைக் கக்க ஆரம்பித்துவிடும்.

மனைவி மாடிப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "நூறு போட்டா நூத்தி முப்பதா? வட்டிக் கம்பெனிக்காரன்கூட அம்புட்டுத் தர மாட்டான். அந்த வெள்ளியில ஒரு கிலோ வாங்கிப் போடுங்க."

"அது தப்பும்மா."

"நமக்கு வார்றதெல்லாம் தப்பாத்தான் வருது. இதையாச்சும் வச்சுக்குவோம்."

குறியைத் திருத்தினார். விடை மறுபடி நாற்பத்தாறுக்கு வந்து உட்கார்ந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. ஆறு நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு மின்சாரத்தோடு போயிற்று. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் வேறொரு ஆளாக இருந்தார். தெருவில் விழுந்த மரங்களை எல்லோரோடும் சேர்ந்து இழுத்துப் போட்டார். என் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு எனக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எட்டு மணிக்குப் படுத்தால் விடியும்வரை குறட்டைச் சத்தம் கீழே கேட்கும். ஒத்துப்போகாத விடைகளைக் கேட்க வழியில்லாத நாட்கள் அவை.

"மாசத்துக்கு ஒரு புயல் அடிச்சா நல்லாத்தான் இருக்கும் போல" என்ற அவர் மனைவி, சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். கறம்பக்குடியில் அந்தம்மாவின் அப்பாவுக்கு ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை.

வீட்டிலும் அவர் இப்படித்தான். தக்காளியை ஒரு கடையில் நிறுத்து வாங்கி, அடுத்த கடைத் தராசில் வைத்துப் பார்ப்பார். இரண்டு கடைக்காரர்களும் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தெர்மாமீட்டர் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது வாங்கப் புறப்பட்டார். "அது இன்னொன்னு சொல்லும். அப்ப நாலாவது வாங்குவீங்களா? பாராசிட்டமால் வாங்கிட்டு வாங்க, அது போதும்" என்று படுத்த இடத்திலிருந்து குரல் வந்தது. அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கொரோனா இரண்டாம் அலையில் அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது சிரிக்க முடியவில்லை. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவி ஒன்று தொண்ணூற்று நான்கு என்றது. கல்லூரியில் கொடுத்திருந்த இன்னொன்று எண்பத்தொன்பது என்றது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினார். தன் விரலில் மாட்டினார். மறுபடி மனைவி விரலில். நான் முகக் கவசத்தோடு படிக்கட்டின் கீழே நின்று கத்துகிறேன், "தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று. அவருக்குக் காதில் விழவில்லை. கடைசியில் அந்தம்மா சுவரைப் பிடித்து எழுந்து, தானே இறங்கி வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அவர் ஓடிவந்து பின்னால் ஏறும்போதும் இரண்டு கையிலும் இரண்டு கருவி இருந்தது. பிழைத்து வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தம்மா அவரைக் கேலி பேசி நான் கேட்கவில்லை.

ஒரு முகூர்த்த நாளில் அவருடைய ஆராய்ச்சி நெறியாளர் ஒரு கல்யாணத்துக்காக அரிமளம் வந்தவர், தாம்பூலப் பையோடு மாடிக்கு வந்தார். என்னையும் மேலே கூப்பிட்டார்கள். அப்போது பதிவு முடிய ஒன்றரை ஆண்டுதான் பாக்கி. பேச்சு எங்கெங்கோ போய்விட்டுப் பால் காய்ச்சிய கதைக்கு வந்தது. மனைவிதான் ஆரம்பித்தார், முறையிடுகிற குரலில். நெறியாளர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பாருங்க, எங்க வீட்ல வாக்கியம். அடுத்த வீட்ல திருக்கணிதம். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போறேன், என் வீட்டுக் கல்யாணத்துக்கு அவன் வர்றான். சண்டையா போட்டுக்கறோம்? நம்ம லேப்ல கட்ட முறை. அது நம்ம வழக்கம். அந்த இன்னொன்னை உங்களை யாரு தொடச் சொன்னா?"

"சார், ரெண்டும் ஒரே சமன்பாடு…"

"நாப்பத்தொன்னுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன். அடுத்த மாசமே சப்மிட் பண்ணுங்க. ஏம்மா, நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லி எதைக் கேட்டாரு" என்றார் அந்தம்மா. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கீழே வந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு தாள். அதில் ஒரு கம்பியின் குறுக்குவெட்டைச் சதுரமாக வரைந்திருந்தார்.

"சார், மூலை."

"என்ன மூலை?"

"இந்த மூலை. கம்ப்யூட்டர்ல நான் சதுரமாத்தானே வரைஞ்சேன்? எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தாலும் அது கூராவே இருக்கும். உண்மையில அப்படி ஒரு மூலை உலகத்துல கிடையாது. கண்ணாடின்னா பரவால்ல. வெள்ளில அந்தக் கூர்ல ஒளி குவியுது சார், குவிஞ்சுக்கிட்டே போகுது, அதுக்கு முடிவே இல்ல. கட்டத்தைச் சின்னதாக்க ஆக்க நான் அந்த முடிவில்லாததுக்கு இன்னும் கிட்டப் போயிக்கிட்டு இருந்திருக்கேன். விடையே இல்லாத கேள்வியை ரெண்டு பேர்கிட்டக் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் பாவம், ஏதோ ஒன்னைச் சொல்லியிருக்காங்க."

மூலையை இரண்டு நானோமீட்டர் அளவுக்கு மழுக்கி, இரண்டு முறையிலும் ஓட்டியிருந்தார். கட்ட முறை முப்பத்தெட்டு புள்ளி ஆறு. அலை முறை முப்பத்தெட்டு புள்ளி ஏழு. நாற்பத்தொன்றும் இல்லை, நாற்பத்தாறும் இல்லை, என்னுடைய நாற்பத்து மூன்றரையும் இல்லை.

அன்று மாடியில் கேசரி கிண்டினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, முந்திரிப் பருப்பு ஏழு கிடந்தது. பதிவு முடியப் பத்து மாதம் இருக்கிறதே, எழுதி முடித்துவிடலாம் என்று நானும் மனக்கணக்குப் போட்டேன்.

மறுநாளே அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. கூர்மூலைக் கம்பிகளை வைத்து நெறியாளரின் ஆய்வகத்திலிருந்து நான்கு கட்டுரைகள் வந்திருந்தன. இரண்டு பேர் பட்டமும் வாங்கி வேலைக்குப் போயிருந்தார்கள். மூலை தப்பு என்றால் அந்த எண்கள் எல்லாம் தப்பு.

நெறியாளருடன் போனில் பேசும்போது மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் கேட்டது.

"அந்த மூலை அத்தியாயத்தை எடுத்துருங்க. நாளைக்கே கையெழுத்து."

"அது இல்லாம மீதியெல்லாம் தப்புங்க சார்."

"யாரு தப்புன்னா? எல்லாரும் அப்படித்தான் வரையறாங்க. அது ஒரு வழக்கம். உங்களுக்கு முன்னாடி போன ரெண்டு பேருக்கும் புள்ளைகுட்டி இருக்கு. அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன் சார்" என்று மட்டும் மேலிருந்து கேட்டது.

சொல்ல மாட்டார். ஆனால் அந்த அத்தியாயத்தை எடுக்கவும் மாட்டார். கண்டுபிடித்ததை யார் பெயரையும் குறிப்பிடாமல் தனிக் கட்டுரையாக எழுதி, ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். அது வெளிவந்தால் அதைக் காட்டி வேறு நெறியாளர் தேடலாம் என்று ஒரு நம்பிக்கை. ஜூலையில் பதில் வந்தது, நான்கே வரி. எனக்குத் தமிழில் சொன்னார். உங்கள் முடிவு சரியானது, கூர்மூலைச் சிக்கல் இத்துறையில் பலருக்கும் முன்பே தெரிந்தது, புதிதாக எதுவும் இல்லை, ஆகவே வெளியிட இயலாது.

"முன்னமே தெரியுமாம் சார்" என்றார். "யாருக்குன்னுதான் தெரியல."

நவம்பரில் அந்தம்மா என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரியவங்க சொன்னாக் கேப்பாரு. ஒரே ஒரு அத்தியாயம்."

நான் மேலே போனேன். கணினி அணைந்திருந்தது, கஜாவுக்குப் பிறகு முதல்முறையாக. என் அலுவலகக் கதைகளைச் சொன்னேன். டேலி பண்ணி அனுப்பியதால் ஒரு வயலும் காய்ந்துவிடவில்லை என்று சொன்னேன். வீட்டில் ஒரு மனுஷி இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஒத்துப்போகாதப்ப நீங்க சொன்னீங்கன்னா செஞ்சிருப்பேனோ என்னமோ. இப்ப ஒத்துப்போச்சே. ஒத்துப்போனதுக்கப்புறம் ஒத்துப்போகாத மாதிரி எப்படி சார் எழுதுறது? கை வரல."

இறங்கி வந்துவிட்டேன். அந்தம்மா படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போனார்.

டிசம்பர் முடிந்தது. கல்லூரியில் அவரை விரிவுரையாளர் பட்டியலிலிருந்து எடுத்து, ஆய்வக உதவியாளராகத் தொகுப்பூதியத்தில் இருக்கலாம் என்றார்கள். நான்கு மாதம் இருந்தார். தான் பாடம் நடத்திய மாணவர்களுக்கு லென்ஸும் கம்பியும் எடுத்துக் கொடுத்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தம் இருந்திருந்தால் தேவலை என்று அவர் மனைவி ஒருநாள் சொன்னார்: "கோவமே வரலய்யா அவருக்கு. ஒன்னைப் பத்தியும் இடிக்குதுன்னே சொல்றதில்ல. நேத்து தக்காளி முக்கால் கிலோதான் இருந்துச்சு, பார்த்துட்டுப் பேசாம வச்சுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

2024 மே மாதம் கறம்பக்குடிக்குக் கிளம்பினார்கள். மாமனார் வீடு. அங்கே ஒரு பள்ளியில் பிளஸ் டூ பாடம் நடத்த வேலை கிடைத்திருந்தது. டெம்போவில் சாமான்கள் ஏறின. கணினியை ஏற்றவில்லை, புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் முந்தின வாரமே எடுத்துப் போயிருந்தார். அந்தம்மா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாவியைக் கொடுக்க வந்தபோது எனக்கு மனது ஆறவில்லை.

"ஏன் தம்பி, அந்த ரெண்டு பேரும் அதே பட்டத்தை வச்சுக்கிட்டு இன்னும் வேலையிலதானே இருக்காங்க?"

"ஆமா சார்" என்றார். "ரெண்டு பேருமே நல்லாப் பாடம் நடத்துவாங்க சார்."

டெம்போ போன பிறகு நான் வாசலிலேயே நின்று கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். நாற்பத்தொரு வயது அவருக்கு. ஐம்பத்தெட்டு வரை இன்னும் பதினேழு ஆண்டு, அதாவது இருநூற்று நான்கு மாதம். கல்லூரியில் வாங்கியது நாற்பத்தோராயிரம், பள்ளியில் கொடுக்கப்போவது பதினையாயிரம், மாதம் இருபத்தாறாயிரம் குறைவு. ஆண்டு உயர்வு எதையும் சேர்க்காமல், ஐம்பத்து மூன்று லட்சத்து நான்காயிரம் ரூபாய்.